நம்மவருக்கென்று ஒரு நாற்காலி

மைலோ தூளை நேராகப் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் கோப்பையின் அடியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தூளைப் பசை மாதிரி குழைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பால். என் அறைக்கு வருகிறவர்களுக்கு நானே கலக்கிக் கொடுப்பேன். குடியுங்கள், பிரேமலா. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணைப் பிரிவிலிருந்து வந்திருந்தாலும் நீங்கள் என் விருந்தாளிதான்.

தமிழிலேயே பேசலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினால் நான் சொல்வதெல்லாம் கூட்டக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். நீங்கள் லூனாஸ் என்றீர்கள். நானும் அந்த ஊர்தான். என் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் கடைக்கு வந்து நிற்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். அந்த மனோகரன்தான் கரங்கான் சாலையில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் இருபது ஆண்டுகளாக ஒரே தமிழ் ஆசிரியன். குணசுந்தரி வரும்வரை.

யார் புகார் கொடுத்தது என்று நான் கேட்கப்போவதில்லை. குணசுந்தரியாக இருக்காது. அது மட்டும் எனக்கு நிச்சயம். ஏன் என்று போகப் போக உங்களுக்கே புரியும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இந்த இடம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் ஆய்வே அதுதான். கல்வித்துறைக்குள் யார் மேலே போகிறார்கள், யார் பாதியில் நின்றுவிடுகிறார்கள், பெண்களுக்கு என்ன ஆகிறது, இந்தியர்களுக்கு என்ன ஆகிறது, இரண்டுமாக இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது. எங்கள் முதலாண்டு வகுப்பில் போய்ப் பாருங்கள். பெண்கள்தான் அதிகம். நம் பிள்ளைகளும் ஒரு வரிசை நிறைய இருப்பார்கள். முதுகலையில் அந்த வரிசை பாதியாகும். முனைவர் பட்டத்தில் ஒன்றிரண்டு தலை தெரியும். பேராசிரியர்கள் இருக்கும் மாடியில் நடந்தால் எந்தக் கதவிலும் நம் பெண் ஒருத்தியின் பெயர் இருக்காது.

யாரோ குறுக்கே நின்று தடுக்கிறார்கள் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை. தடுத்தால் சண்டை வரும், புகார் வரும். இங்கே தடுப்பதற்குப் பதிலாகக் கேட்பார்கள். இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்பார்கள். பெண் என்றால், அழுதுகொண்டு வரும் மாணவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். தமிழ்ப் பெண் என்றால் தீபாவளி விருந்து, தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது, வேறு யாரோ செய்யும் தோட்ட ஆய்வுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போவது. எல்லாம் நல்ல காரியங்கள். பதவி உயர்வுக் கூட்டத்தில் இவற்றில் ஒன்றுக்கும் மதிப்பு கிடையாது. அங்கே கட்டுரைகளை மட்டும்தான் பார்ப்பார்கள். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பாருங்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அவள் மட்டும் பின்தங்கிவிடுகிறாள்.

குணசுந்தரி புக்கிட் செலம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண். அவள் அம்மா காளியம்மா அங்கே களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலை செய்கிறார். முனைவர் பட்டம் முடித்த கையோடு குணா இங்கே ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்தாள். ஒப்பந்தம் முடிவதற்குள் வேலை நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். முதல் நாள் ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வாசலில்தான் வந்து நின்றாள்.

"நீங்க இருக்கீங்கன்னுதான் சார் இங்க அப்ளை பண்ணேன். ஒங்க கட்டுரையப் படிச்சப்ப என்னையே பக்கத்துல ஒக்கார வச்சி எழுதுன மாதிரி இருந்துச்சி."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் டீன் என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னார். மலாய்க்காரப் பெண்மணி, நல்ல மனுஷி. "டாக்டர் மனோ, நீங்கள் ஓய்வு பெற்றாலும் இனி எங்களுக்குக் கவலையில்லை, குணா இருக்கிறாள்." சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அறைக்கு வந்து அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பதிலாக அவள் என்றால், எங்கள் இருவருக்கும் சேர்த்து இங்கே ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்று பொருள். நான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்த ஆண்டு அது.

அதற்குப் பிறகும் நான் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கூட்டத்தில் எந்த வேலைக்கு ஆள் தேடினாலும் "குணசுந்தரி நன்றாகச் செய்வாள்" என்று சொன்னேன், அவ்வளவுதான். உண்மையிலேயே நன்றாகச் செய்தாள். ஒரு தடவை அலங்கார விளக்குகளைத் தோளில் சுமந்துகொண்டு போனவள் என்னைப் பார்த்து நின்று, "மத்தவங்களுக்கெல்லாம் தீபாவளி வருசத்துக்கு ஒருக்கா சார், எனக்கு மாசத்துக்கு ஒருக்கா வருது லா" என்றாள். நானும் சிரித்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் எழுதிவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் வீட்டுக்குப் போய், அம்மாவோடு மருந்தடிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். மருந்து தோலில் பட்டால் என்ன ஆகிறது, எத்தனை பேருக்கு வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது, மறுநாள் வேலை வேண்டுமென்றால் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோருக்கு எப்படியெல்லாம் இணங்கிப்போக வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமும் அந்தப் பெண்கள் இதைச் சொல்லமாட்டார்கள். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், வேலையோடு சேர்ந்த வீடும் போகும்.

ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தாள். ஆய்வில் பேசுகிறவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். முன்பு இருந்த தோட்டத்தில் போனஸ் என்று சொல்லிக் கணக்கெழுதும் கிராணி வாங்கிப்போன கையெழுத்து, பிற்பாடு லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த கையெழுத்தாக மாறியிருந்ததாம்.

"சிகப்பிக்கா கறாரா சொல்லிட்டாங்க சார். 'நீ எங்ககிட்ட சைன் கேக்காத, நாங்க ஒங்கிட்ட சத்தியம் கேக்குறோம். எங்க பேரு எந்தப் பேப்பர்லயும் ஏறாதுன்னு முனியாண்டி முன்னால கற்பூரம் அடி'ன்னாங்க. அடிச்சிட்டேன்."

உள்ளங்கையைக் காட்டினாள். நடுவில் சிவந்திருந்தது. தோட்டத்துச் சத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து வாக்குக் கொடுப்பது. அதற்கு மேல் அங்கே கோர்ட் கிடையாது. வாக்குத் தவறியவரின் வீட்டு வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள். குடும்பத்தையே ஒதுக்கிவிடுவார்கள்.

"இது செல்லுமா சார்?" என்று கேட்டாள்.

செல்லுவதற்கு ஒரு வழி இருந்தது. நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே விவரத்தைச் சொல்லி அனுமதி வாங்கினால் வாய்மொழிச் சம்மதமே போதும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களுக்காக வைத்த விதி. அந்தக் குழுவில் நானும் ஒரு உறுப்பினன். ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. நான் அவளிடம் சொன்னது இதுதான்: "சத்தியத்தவிடப் பெரிய சம்மதம் ஏதும்மா? தைரியமா செய். குழுவுலதான் நான் இருக்கேன்ல."

அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஞாபகம் இருந்தது.

கட்டுரையை முடித்துவிட்டு முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாள். பாதி படிக்கும்போதே தெரிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக நான் வாசலில் நின்று எழுதியதை அவள் வீட்டுக்குள் இருந்து எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

அவள் வேலையை நிரந்தரமாக்குவதற்காக அவளையும் அழைத்து வைத்து நடந்த கூட்டத்தில் எல்லோரும் அவளுக்குச் சாதகமாகத்தான் இருந்தார்கள். ஒரு சீனப் பேராசிரியர் அந்தக் கட்டுரையை வாய்விட்டுப் பாராட்டினார். முடிகிற நேரத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பெண்களின் எழுத்துபூர்வமான சம்மதம் எங்கே இருக்கிறது, குணா?"

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் மனோகரன்தான் வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மேசையைச் சுற்றி மலாய்க்காரர்கள், சீனர்கள், நடுவில் நாங்கள் இரண்டு பேர். மற்றவர்கள் முன்னால் நம்மாளை நம்மாளே காட்டிக்கொடுப்பதா என்ற கூச்சம் நம்மிடம் ரொம்ப ஆழமானது. பெண் பிள்ளை என்றால், பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வேறு சொல்லி வளர்த்திருப்போம். இந்த இரண்டும் ஒரே தொண்டையில் வந்து சேரும்போது குரல் வெளியே வராது. என் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. நீங்கள் படிக்கலாம்.

அவள் வெளியே போனதும் டீன், இதற்காகவா ஒரு நல்ல ஆளை இழப்பது என்றார். நான் ஆமோதித்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், ரொம்ப நெருக்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். அக்கறையாகத்தான் சொன்னேன். ஆனால் அதைக் கேட்டவர்கள் முகத்தில் ஒரு சின்னத் தளர்வு வந்தது. எப்படியும் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்கிற தளர்வு. ஒப்பந்தம் முடிவதற்குள் கையெழுத்துகளைக் கொண்டுவரட்டும் என்று முடிவானது.

நடைவழியில் காத்திருந்தாள்.

"சார், நீங்கதானே தைரியமா செய்யின்னு சொன்னீங்க?"

"எழுதிக் குடுத்தேனாம்மா? எழுத்துல இருந்தா காட்டு. நானே உள்ள போய்ப் பேசறேன்."

கையிலிருந்த கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரி, போனது போவட்டும்" என்றேன். "தோட்டத்துக்குப் போயி சைன் வாங்கிட்டு வந்துரு. ஒன்மேல உசிரா இருக்காங்க, போட்டுருவாங்க."

"போட்டுருவாங்க சார். அதான் கேக்க முடியல. கற்பூரம் அடிச்சிருக்கேன். எங்கம்மாவும் அங்கதான இருக்காங்க."

"அப்ப வேலை?"

"சூசாதான் சார், கஷ்டந்தான். என்னா செய்றது. வேற பாத்துக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கையெழுத்து வாங்கியிருந்தால் தோட்டத்தில் அவள் பெயர் கெட்டிருக்கும். வாங்காததால் இங்கே வேலை போனது. இப்படி இரண்டு பக்கமும் அடைபட்ட வழியை நான் உண்டாக்கவில்லை. அது எப்போதுமே இருந்தது. அவள் அதில் நடந்துவந்தபோது நான் விளக்கைப் போடவில்லை, அவ்வளவுதான். பிரிவு உபசாரத்துக்குக் கேக் வாங்கியது நான்தான். இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள் என்று கேள்வி.

அதற்குச் சில மாதம் கழித்துக் காளியம்மா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, எம்மவ பேரெல்லாம் காட்டிக் குடுத்துட்டான்னு தோட்டத்துல பேசிக்கிறாங்க. காலையில பேரு கூப்புடற பெரட்டுல ஒருத்தியும் எம்பக்கத்துல நிக்கமாட்டேங்கிறா. மருந்துத் தோம்ப தூக்கி முதுவுல வைக்க ஆளு வரமாட்டேங்குது. நானா மண்ணுல குந்தி மாட்டிக்கிட்டு எந்திரிக்கிறேன்."

தனியாக அதை முதுகில் ஏற்றுவது சுலபமில்லை. தோம்பு நிறைய மருந்துத் தண்ணீர் இருக்கும். ஒருத்தி தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தி வாரில் கையை நுழைப்பதுதான் வழக்கம். சாய்ந்தால் மருந்து கழுத்து வழியாக முதுகில் இறங்கும். அவர் கழுத்தோரம் தோல் உரிந்திருந்தது.

"குணா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"சிகப்பி கால்ல விழுந்து சொல்லிப் பாத்தா. கதவச் சாத்திக்கிட்டாங்க. அதுக்கப்பறம் புள்ள வீட்டுக்கே வர்றதில்ல. நாந்தான் வராதன்னுட்டேன். ஐயா, அவ குடுக்கல. குடுத்திருந்தா வேலை இருந்திருக்குமே. நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்த வந்து சொன்னா நம்புவாங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கம்மா. தானா சரியாப் போயிரும்" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்கள மாதிரி ஒருத்தரு அவளுக்குத் தொணையா இருந்தீங்களே, அது போதும்யா." மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம்வரை காரில் கொண்டுபோய் விட்டேன்.

தோட்டத்தில் அப்படிச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். காளியம்மாவுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

நான்தான் சொன்னேன்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு அருமையான தகவல்கள் வீணாகிக் கிடந்தன. அவற்றை யாராவது பயன்படுத்த வேண்டுமானால் கையெழுத்து வேண்டும். அந்தப் பெண்கள் போடமாட்டார்கள், ஏனென்றால் அவள் சத்தியத்தை நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை இருக்கும்வரை கையெழுத்து வராது. எனவே முதலில் அதை எடுக்க வேண்டியிருந்தது. அவள் இங்கிருந்து போனதுமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முனியாண்டி கோயில் பக்கத்தில் சிகப்பியும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மா அங்கே இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

"யாரு சார் நீங்க? குணா டீச்சரோட ஆபீசா?"

"அவளுக்கு மேல இருந்தவம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சி. ஒங்க பேரையெல்லாம் அவ ஆபீசுல குடுத்துட்டா."

"சும்மா கதை விடாதீங்க. கற்பூரம் அடிச்சவ அவ. நான் தூக்கி வளத்த புள்ள."

"வேலை நெலைக்கணும்னா குடுத்துத்தாம்மா ஆவணும். அவள ஏசாதீங்க. பாவம், சின்னப் பொண்ணு, வேற என்னா செய்வா."

அந்தப் 'பாவம்'தான் வேலை செய்தது. நான் அவளைத் திட்டியிருந்தால் சிகப்பி என்னை விரட்டியிருப்பார். அவளுக்காகப் பரிந்து பேசுகிறவன் பொய் சொல்வான் என்று யாருக்கும் தோன்றாது. ஒருத்தி அழுதாள்.

"இப்ப நாங்க என்னா செய்றது?" என்று சிகப்பி கேட்டார்.

"ஒங்க பேரு என் பொறுப்புல இருந்தா வெளிய போவாம நான் பாத்துக்கறேன். அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு சைன் போட்டாப் போதும்."

போட்டார்கள். சிகப்பி கடைசியாகப் போட்டார். "அவ இனிமே இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கட்டுரை என் பெயரில் வந்தது. நன்றிக் குறிப்பில் குணசுந்தரியின் பெயரைச் சேர்த்திருக்கிறேன், முழுப் பெயரையும். பேராசிரியர் பதவி அடுத்த ஆண்டு கிடைத்தது. நாற்காலி ஒன்றுதான் என்று யார் சொன்னது என்கிறீர்கள்; அவள் வேலைக்கும் என் பதவிக்கும் சம்பந்தமே இல்லை என்று டீன் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் இருந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். டீன் நல்ல மனுஷி. ஆனால் இந்த இடம் எப்படி இயங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. எழுதாத விதியை அதற்கு உள்ளே இருப்பவனால்தான் படிக்க முடியும்.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. நீங்கள் எழுதிக்கொண்டது எல்லாம் சரிதான், எதையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் ஏன் இந்தத் துறையில் நிலைப்பதில்லை என்பதைப் பற்றிப் பெரிய அளவில் ஒரு ஆய்வு தொடங்கப்போகிறேன். நாட்டில் வேறு யாருக்கும் இதில் அக்கறை இல்லை. முதல் பேட்டியைக் குணசுந்தரியிடமே எடுக்கலாம் என்றிருக்கிறேன். அவ்வளவு நடந்திருக்கிறது, பாவம், மனம்விட்டுப் பேச என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.